நான் போடாத கையெழுத்து

பழைய வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு மூன்று வழி இருப்பதாகச் சொல்லி, கருவி விற்பவர் மூன்றையும் என் மேஜையில் பரப்பினார். பிறகு என்னையும் என் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவு சொல்ல வேண்டியவன் நான். இந்த மெக்கானிக் ஷெட்டை ஆரம்பித்தவன் நான். வாசலில் இருக்கும் பலகையில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. மச்சான் என் மனைவியின் தம்பி. இருபத்தாறு வருஷமாகக் கூடவே இருக்கிறான். ஷெட்டில் என்னைப் பெரியவர் என்பார்கள், அவனைச் சின்னவர் என்பார்கள். சின்னவருக்கே இப்போது ஐம்பத்தெட்டு வயது.

கருவி வாங்கும் யோசனை டீச்சரின் வண்டியால் வந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் இருபத்திரண்டு வருஷம் பழையது. வாங்கிய நாளிலிருந்து எங்கள் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. சில மாதங்களாகப் பெட்ரோல் குடிக்கிறது, மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, புகையில் பெட்ரோல் வாடை வருகிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தார். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாத கோளாறைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போல. இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்க நாங்கள் வைத்திருந்த பழைய ரீடரும் ஐந்து வருஷத்துக்கு முன்பே உயிரை விட்டிருந்தது.

முதல் கருவி தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் தெரியும். செருகினோம். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மாமியார் முன்னாடி உக்காந்த புது மருமக மாதிரி வாயையே தொறக்க மாட்டேங்குதே," என்றான் மச்சான்.

"இது புது வண்டிக்குத்தான் சார் சரிப்படும்," என்று விற்பவர் ஒப்புக்கொண்டார். "பழசு பேசற பாஷை வேற. மெதுவாப் பேசும். இதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

இரண்டாவது, தடித்த ரப்பர் உறை போட்ட டேப்லெட். அதற்கு டீச்சரின் வண்டி உடனே பதில் சொன்னது. கோளாறு எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது.

மூன்றாவது, சாம்பல் நிறப் பெட்டியும் நீளமான கேபிளும். லேப்டாப்பில் மாட்டினால் கம்ப்யூட்டரின் நினைவு முழுவதையும் படித்துப் பிரதி எடுக்கும். வேண்டுமானால் திருத்தி எழுதவும் செய்யும். டேப்லெட் நோயாளியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, அவன் சொன்னதை நம்மிடம் சொல்கிறது. கேபிள் எக்ஸ்ரே எடுக்கிறது. எனக்கு எக்ஸ்ரேதான் வேண்டியிருந்தது.

மச்சான் டேப்லெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். "அத்தான், கேபிள் எல்லாம் ரேஸ் ஓட்டறவங்களுக்கு. நமக்கு எதுக்கு? எழுதறப்போ கரண்ட் போச்சுன்னா கம்ப்யூட்டர் செங்கல்லுதான். அதை வச்சு செவுருதான் கட்டலாம்."

"நான் படிக்கத்தான் கேக்கறேன். எழுதறதுக்கு இல்ல."

"படிச்சு என்ன பரீட்சையா எழுதப் போறீங்க? டேப்லெட் நூறு கம்பெனி வண்டிக்கு வேலை செய்யும். நாளைக்குப் புது வண்டி வந்தாலும் உதவும். நீங்க பெரிய மனுஷன், இதுல ஏன் பிடிவாதம்?"

அவன் இவ்வளவு பேசியதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் கெட்டுவிடக் கூடாது என்று இப்படிப் பயப்படுகிறானே, ஷெட்டின் பெயர் மேல் எனக்கு இருக்கும் அக்கறை அவனுக்கும் இருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் வைத்தது. எந்தக் கம்ப்யூட்டரில் கை வைப்பதானாலும் முதலில் முழுப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றம் செய்தால், நினைவின் கடைசியில் காலியாகக் கிடக்கும் இடத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், என் பெயரின் மூன்று எழுத்து ஆகியவற்றை எழுத வேண்டும். பின்னால் எவன் திறந்து பார்த்தாலும் இது யார் செய்த வேலை என்று தெரிய வேண்டும். மற்ற ஷெட்காரர்கள் சிரித்தார்கள். திருட்டுத்தனம் செய்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விற்பவர் சமாதானமாக, "ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போறேன் சார். நாளைக்கு வந்து ஒண்ணை எடுத்துக்கறேன்," என்று கிளம்பினார். மச்சான் ஏதோ பெல்ட் வாங்க வேண்டும் என்று அவர் பின்னாலேயே போய்விட்டான்.

பானட்டைத் திறந்து, பாட்டரி இறங்காமல் இருக்க சார்ஜரை மாட்டி, கேபிளைச் செருகினேன். இருபது நிமிஷத்தில் முழுப் பிரதி வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியில் ஐடிலிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், சரிசெய்தபோது நான் எடுத்த பிரதி அலமாரியில் இருந்த பழைய டிஸ்கில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னேன்.

ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும். ஆனால் வரிசை வரிசையாகச் சிவப்பு தெரிந்தது.

இன்ஜினுக்குள் தட்டல் வந்தால் கேட்டுச் சொல்லும் சின்னக் காது ஒன்று உண்டு, நாக் சென்சார். அது பழுதானால் விளக்கு எரிய வேண்டும். எரியச் சொல்லும் இடத்தில் சைபர் போடப்பட்டிருந்தது. காது கேட்காத இன்ஜின் தட்டிவிடக் கூடாது என்று, பெட்ரோல் அளவு எல்லா இடத்திலும் கூட்டப்பட்டிருந்தது. டீச்சரின் வண்டி ஏன் குடிக்கிறது என்று புரிந்துவிட்டது. வேலை அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம், 'நாக் சென்சார் புதிது மாற்றப்பட்டது' என்று மச்சானின் கையெழுத்து. அதை மாற்ற இன்ஜினின் மேல்பாகம் முழுவதும் கழற்ற வேண்டும். ஒன்றரை நாள் வேலை. பத்து நிமிஷத்தில் விளக்கை ஊமையாக்கிவிட்டு, மாற்றியதாக எழுதியிருக்கிறான்.

நினைவின் கடைசிக்குப் போனேன். ஐடிலிங்குக்காக நான் எழுதிய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தேதி. கிலோமீட்டர். என் மூன்று எழுத்து.

உண்மையைச் சொல்கிறேன்: சில நிமிஷம் என்னையே சந்தேகப்பட்டேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. நான்தான் செய்து மறந்துவிட்டேனா? தேதியை மறுபடி பார்த்தேன். அன்று கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

மச்சான் பெல்ட்டோடு வந்தான். லேப்டாப்பைப் பார்த்தான். பெல்ட்டை மெதுவாக ஆணியில் மாட்டினான்.

"கேபிளையே எடுத்துட்டீங்களா?"

"இதை எப்படி எழுதினே?"

"ரேடியேட்டர் கடைக்காரர்கிட்ட இதே பெட்டி இருக்கு."

"எத்தனை வண்டி?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? இருபது இருக்கும். கூடவும் இருக்கலாம்." முகத்தில் பயமே இல்லை. "அத்தான், ஒரு வண்டியும் லைட் எரிஞ்சுகிட்டு நம்ம ஷெட்டை விட்டுப் போகாதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவீங்கல்ல? அந்தப் பெருமைய யாரு காப்பாத்தினதுன்னு நெனச்சீங்க?"

"என் பேரை ஏன் போட்டே?"

அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "வேலை செஞ்சா கடைசியில கண்டிப்பாப் போடணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? ஒரு வண்டியிலகூட விட்டதில்ல."

திருட்டையும் என் சட்டப்படி சுத்தமாகச் செய்திருக்கிறான்.

"உன் அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம், பிரஷர் ஏறிடும்னு அவதான் சொன்னா."

முப்பத்தொன்பது வருஷம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள். அதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன். நாலு மணிக்கு டீச்சர் வருகிறார்.

"டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன்," என்றேன். "அப்புறம் மத்தவங்களையும் ஒவ்வொருத்தராக் கூப்பிடணும்."

"சொல்லுங்க. கடைய இழுத்து மூடிட்டு நாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பல்லாங்குழி ஆடலாம்." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். "என்ன சார், கண்டுபிடிச்சீங்களா?"

நின்றுகொண்டேதான் சொன்னேன். "கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். போன வருஷம் ஒரு சென்சார் மாத்தினதா அட்டையில இருக்கு. மாத்தல. லைட் வராதபடி கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கு. அதனாலதான் வண்டி இப்படிக் குடிக்குது. தப்பு எங்க மேல."

அவர் முகம் இறுகியது. "இருபத்திரண்டு வருஷமா உங்களை நம்பித்தானே சார் வந்தேன்? யாரு எழுதினது?"

மச்சான் என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. வெளியாள் முன்னால் வீட்டு ஆளைக் காட்டிக்கொடுப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் அப்பா செய்ததில்லை, நானும் செய்ய மாட்டேன். "அதுல இருக்கற கையெழுத்து என்னோடது," என்றேன். சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். அவனுக்காகத்தான் இடம் விட்டேன். நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திட்டியிருக்கக்கூட மாட்டேன். இருபது வீட்டுக்கும் அவனோடு நானும் சேர்ந்து போயிருப்பேன்.

அவன் முன்னால் வந்தான். எனக்கு நெஞ்சு லேசானது.

"டீச்சர்," என்றான் தணிந்த குரலில், "பெரியவர் மேல கோவப்படாதீங்க. வயசாயிடுச்சு. போன வருஷம் கண் ஆபரேஷன் வேற. எதைச் செஞ்சோம், எதை விட்டோம்னு அவருக்கே இப்பல்லாம் பிடிபட மாட்டேங்குது. அட்டையில நான் எழுதினதும் அவர் மாத்திட்டதாச் சொன்னதை நம்பித்தான். நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் போய்விட்டிருந்தது. அந்தக் கோபத்தை நான் தாங்கியிருப்பேன். அதன் இடத்தில் வந்ததைத் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் கவலப்படாதீங்க சார்," என்றார், காது கேட்காதவனிடம் பேசுவது போலச் சத்தமாகவும் நிதானமாகவும். "உடம்பைப் பாத்துக்குங்க. ரெஸ்ட் எடுங்க." பிறகு கைப்பையிலிருந்து வண்டியின் இன்னொரு சாவியை எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். "இதையும் வச்சுக்குங்க. இனிமே இந்த வண்டிய நீங்களே பாருங்க."

நான் அல்ல என்று சொல்ல நாக்கு எழுந்தது. அப்படிச் சொன்னால் அடுத்து யார் என்று சொல்ல வேண்டும். நிமிர்ந்து நின்றேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

கேட் வரைக்கும் அவரை வழியனுப்பிவிட்டு மச்சான் திரும்பி வந்தான்.

"பாத்தீங்களா, சுமுகமா முடிஞ்சிருச்சு. நாளைக்கே நல்ல சென்சாராப் போட்டுடறேன். மத்த வண்டி எல்லாம் வரும்போது பாத்துக்கலாம். யாரையும் கூப்பிட வேணாம். இனிமே நீங்க கூப்பிட்டுச் சொன்னாலும்..." அவன் முடிக்கவில்லை.

நான் கையை நீட்டினேன். "சாவியைக் குடு."

"எதுக்கு?"

"அந்த வேலையை நான் செய்யறேன்."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையை மேலாக ஒருமுறை தட்டினான்.

"டீச்சர் என்கிட்டதானே குடுத்தாங்க அத்தான்," என்றான், டீச்சரிடம் பேசிய அதே தணிந்த குரலில்.