பம்பாய்க்குப் போன பாட்டில்கள்

கும்மிடிப்பூண்டியில் முகத்துக்குப் பூசும் ஸ்நோவும் பவுடரும் பன்னீர் லோஷனும் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே பேக்கிங் செய்யும் பெண்களில் குணசுந்தரியின் கைக்கு ஈடு கிடையாது. புதுவாயல்காரி. பக்கத்து வீட்டுச் சந்திரகலா வேலையில்லாமல் அல்லாடியபோது, மேனேஜர் பரசுராமனிடம் நாலு நாள் கெஞ்சி அவளை உள்ளே சேர்த்துவிட்டதும் இவள்தான்.

எழுபத்தாறாம் வருஷம் முதலாளியம்மா முதல் தடவையாகச் சரக்கை விமானத்தில் டெல்லிக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்த பெட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. லோஷன் ஒழுகி, அதிலிருந்த பட்டுப்புடவை இரண்டும் பாழ். பெட்டியைக் கழுவும் வேலை குணசுந்தரி தலையில் விழுந்தது. கழுவும்போதுதான் கவனித்தாள்: படுத்துக் கிடந்த பாட்டில்களெல்லாம் பாதி காலி; மூலையில் நின்ற நாலு மட்டும் நிரப்பியபடியே இருந்தன.

மத்தியானம் சாப்பிடும்போது சந்திரகலாவிடம் சொன்னாள்.

"மேல போவசொல்லோ உள்ள இருக்கிற காத்து உப்பிக்கும் போலடி. படுத்திருந்தா லோஷனைத் தள்ளிக்கினு வெளிய வருது. நின்னா காத்து மட்டும் போயிடுது. நிக்கவெச்சு, மூடிக்குள்ள மெழுகுத்தாளை வட்டமா வெட்டிப் போட்டா ஒரு சொட்டு வராது. நாளைக்கு மேனேஜராண்ட சொல்லணும்."

"சொல்லு சொல்லு, நல்லா யோசிச்சிருக்கே" என்றாள் சந்திரகலா, சோற்றைப் பிசைந்தபடி.

மறுநாள் காலை பரசுராமன் எல்லோரையும் கூப்பிட்டார். அடுத்த மாசம் பம்பாயில் பொருட்காட்சி. பாட்டில் ஒழுகாமல் இருக்க வழி சொன்ன சந்திரகலாவையே முதலாளியம்மா தன்னோடு விமானத்தில் கூட்டிப்போகிறார். எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் குணசுந்தரியும் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

"எப்போடி சொன்னே?"

"நேத்து சாயங்காலம். நீ முன்னாடியே பஸ்சுக்குப் போயிட்டே" என்றாள் சந்திரகலா, முகத்தைப் பார்க்காமல். "உம்பேரையும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவரு கேக்கவேயில்ல."

பெட்டி கட்டும் நாளில், வேலை சுத்தம் என்று குணசுந்தரியையே உட்காரச் சொன்னார் பரசுராமன். அவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள்.

"கண்டுபுடிச்சவங்களே கட்டட்டும் சார்."

சந்திரகலா வந்து உட்கார்ந்தாள். தாளை வெட்டினாள், பாட்டில் வாய்க்குப் பெரிதாகப் போயிற்று. மறுபடி வெட்டினாள், சிறுத்துப்போய் லோஷனுக்குள் விழுந்தது. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பரசுராமன் அவளைப் பார்த்தார், பிறகு குணசுந்தரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது குணசுந்தரிக்கும் தெரிந்தது. இப்போதாவது தன் பேரைச் சொல்வார் என்று ஓரடி முன்னால் வந்தாள்.

"டிக்கெட்டுல பேரு எழுதியாச்சு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "யாரு சொன்னா இன்னா, வேலை நடக்கணும். பேஜாரு பண்ணாம கட்டிக் குடும்மா."

கூட்டாளி துரோகம் பண்ணினாள், சரி. உண்மை தெரிந்த மனிதருமா? கத்தரிக்கோலை மறுபடி எடுத்தாள். அறுபது பாட்டிலுக்கும் தாள் வெட்டிப் போட்டு, நடுநடுவே அட்டை செருகி, நிற்கவைத்துக் கட்டிக் கொடுத்தாள். ஒன்றிரண்டைப் படுக்கவைத்தால் என்ன என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்த லோஷன் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே.

பம்பாயில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. திரும்பி வந்த சந்திரகலா விமானத்தில் கொடுத்த மிட்டாய்களைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து நீட்டினாள்.

"உனுக்குன்னே எடுத்து வெச்சேண்டி."

"ஜன்னலாண்ட உக்காந்தியா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

சந்திரகலா தலையாட்டினாள்.

குணசுந்தரி மிட்டாயைத் தொடவில்லை. பரசுராமனிடம் போய், தன்னைப் பவுடர் கூடத்துக்கு மாற்றிவிடச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்காமலே மாற்றி எழுதிக்கொண்டார்.