மேற்கு ஓரத்து மஞ்சள்

என் வீட்டுக்காரர் சோமசேகரன் காரைக்காலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளை வேட்டி கசங்காமல் விவசாயம் பார்க்கிற மகராசன். நெரவிப் பக்கம் என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்த வயலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போவார். ரோட்டில் நின்றபடியே பார்ப்பார். திரும்பி வந்து, களைத்துப் போனவர் மாதிரி காபி கேட்பார்.

சம்பா நட்ட கையோடு, யாரோ சொன்னார்கள் என்று ஃபோனில் வயல் மேப் ஒன்று போட்டுக்கொண்டார். வானத்திலிருந்து எடுக்கிற படம். பயிர் செழிப்பாக இருக்கும் இடம் பச்சை, நோஞ்சானாக இருக்கும் இடம் மஞ்சள். எங்கே எவ்வளவு உரம் வேண்டும், எவ்வளவு விளையும், எல்லாம் அதிலேயே வரும். நல்ல சாமான்தான். குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் பூவைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கள் மேப்பில் மேற்கு ஓரம் முழுக்க மஞ்சள்.

"அன்னம், மேற்கால மண்ணுல சத்தே இல்ல. யூரியா போடச் சொல்லிட்டேன்" என்றார்.

நான் வயலில் இறங்கிப் பார்த்தேன். மேற்குப் பயிரும் மற்றதைப் போலவே நன்றாகத்தான் இருந்தது. வந்து சொன்னேன்.

"கண்ணு பொய் சொல்லும். சேட்டிலைட்டு சொல்லுமா?"

யூரியா போட்டும் மஞ்சள் போகவில்லை. மறுபடியும் போட்டார். போகவில்லை. அதற்கு மேலும் போட்டார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, ஃபோனைக் காட்டிப் பாடம் வேறு நடத்தினார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்குப் பயிர் கருகருவென்று கொழுத்து, மார்கழி மழையில் மொத்தமாகப் படுத்துவிட்டது.

அதற்கும் அவருக்கு வெட்கமில்லை.

"பாத்தியா? மலட்டு மண்ணு. என்ன கொட்டுனாலும் விளையாது. மனையா வித்துடலாம். ஆளு பாத்துட்டேன். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த மண் ஒன்றுதான். கண்ணுக்குப் பச்சையாக இருந்த பயிர் மேப்பில் மட்டும் எப்படி மஞ்சளானது என்ற சந்தேகத்தில் கேட்டேன்.

"வயலோட எல்லைய மேப்புல எப்படிங்க போட்டீங்க?"

"ஃபோன வச்சுக்கிட்டுச் சுத்தி வந்தா அதுவே கோடு போட்டுக்கும்."

"வரப்புல நடந்தீங்களா?"

"அந்தச் சேத்துல எவன் நடப்பான்? ஸ்கூட்டர்லயே ஒரு சுத்து சுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. மூன்று பக்கம் பாதை எங்கள் வரப்பை ஒட்டித்தான் போகிறது. மேற்கே மட்டும் எங்கள் வரப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் சேக் பரீது பாயின் நிலம். அவர் அதில் மணலடித்து, மனை பிரித்துக் கல்லும் நட்டுவிட்டார். அங்கே மஞ்சள் தெரியாமல் மரகதமா தெரியும்? அடுத்தவர் மனைக்கட்டு பச்சையாகவில்லை என்று என் பயிருக்கு யூரியாவைக் கொட்டியிருக்கிறார் இந்த மனுஷன்.

ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனேன். கணுக்கால் புதையப் புதைய வரப்பைச் சுற்றி நடந்து புதுக்கோடு போட்டேன். யூரியா போடுவதற்கு முன்னால் எடுத்த படத்தை அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். வரப்புக்கு வரப்பு பச்சை. மேப் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மறுநாள் இவர் நிலம் வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்காரவைத்தார். நான் பேனாவை எடுக்கவில்லை. புது மேப்பையும் பழைய மேப்பையும் அந்த ஆளிடமே காட்டினேன். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

"மஞ்சளா இருக்கற எடத்ததான விக்கணும்னீங்க? தாராளமா வித்துக்குங்க. சேக் பரீது பாய ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

வந்தவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடியும் அவிழ்க்கப் போனார்.

"கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டும்" என்றேன். "படுத்த பயிர நிமுத்திக் கட்டணும். சேத்துல எறங்குங்க."