ப்ரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

ப்ரொஜெக்டரை அட்டைப் பெட்டியிலிருந்து நானும் ஜீவானந்தமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். "பாத்து மச்சான், பாத்து" என்றான். என் இடுப்பின்மேல் உள்ள அக்கறையில் சொன்னதல்ல அது. இதே வீட்டில் கேமரா மாட்டும்போது நான் ஏறி நின்ற ஏணி ஆடியது. அன்று இந்த ஐயா ஏணியைப் பிடிக்காமல் போனில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவானந்தம் என் தங்கை தேவதர்ஷினியின் புருஷன். படப்பையில் அவன் தாத்தா நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்ட கிடங்குகள். எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் கடை. கண்காணிப்பு கேமரா, ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர் என்று எது வாங்கினாலும் வீட்டுக்கே போய் மாட்டித் தருவேன். புது மாடி கட்டி முடித்ததும் அதில் ஒரு தியேட்டர் ரூம் வேண்டும் என்று இவனுக்கு ஆசை வந்தது. வீட்டு ஆள் நான் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்று தங்கையை விட்டுப் பேசச் சொன்னான். நானும் சரி என்றேன்.

அதைக் கேட்டு என் மனைவி ஜெயஸ்ரீ சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். "சூடு சொரணை எதுவும் கிடையாதா உங்களுக்கு? அன்னிக்கு வாசல்ல நிக்க வெச்சாங்களே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மறந்திருந்தால், வேலை நிறைய இருக்கிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

தை மாதம் சினேகாவுக்குக் காது குத்தினார்கள். என் தங்கை தேவிக்கு அவள் ஒரே குழந்தை. எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் தானாக உள்ளே நுழைந்துவிடவும் கூடாது. சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் மண்டப வாசலில் நிற்க வேண்டும். குழந்தையின் அப்பா வீட்டார் ஆரத்தித் தட்டோடு வந்து கூப்பிட்ட பிறகுதான் படியேற வேண்டும். நாங்கள் நின்றோம். தோடும் பட்டுப்பாவாடையும் வைத்த தட்டு என் கையில் இருந்தது. வெயில் ஏறியது. மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஆரத்தி வரவில்லை. குழந்தை வீறிட்டு அழும் சத்தம்தான் உள்ளேயிருந்து வந்தது. காது குத்தி முடிந்துவிட்டது என்பது எனக்கு அந்த அழுகையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஜீவானந்தத்தின் அம்மா கங்கம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். "நல்ல நேரம் தாண்டிகினே இருந்திச்சி தம்பி. அதான் மோகன்ராஜ் மடில வெச்சி முடிச்சிட்டோம். அவரும் மாமன்தானே" என்றாள். மோகன்ராஜ் என் பெரியப்பா மகன். முறைக்கு அவரும் தேவிக்கு அண்ணன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. மனை போட்டு விற்பவர். காரிலிருந்து இறங்கக் கதவைத் திறந்துவிட ஆள் வைத்திருப்பவர். நான் உள்ளே போனபோது அவர் கொண்டுவந்த தோடு குழந்தையின் காதில் ஏறியிருந்தது. என் தட்டை யாரோ வாங்கி, பழங்களோடு பழமாக ஓரத்தில் வைத்தார்கள். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கங்கம்மாவை நினைத்தாலே வயிறு எரியும். அந்தச் சிரிப்பும் "தம்பி" என்ற அந்த இழுப்பும் சாப்பிடும்போதுகூட நினைவுக்கு வரும். அவளை அவள் சனங்களுக்கு முன்னால் ஒருநாள் தலைகுனிய வைக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தியேட்டர் ரூமின் முதல் படமாகக் காதுகுத்து வீடியோவைத்தான் போடப்போகிறோம், இரண்டு பக்கத்துச் சனமும் வருகிறது என்று ஜீவானந்தம் சொன்னபோது, நான் மனதுக்குள் கும்பிட்டேன். அந்த வீடியோவை நான் அதுவரை பார்த்ததில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து கிடந்தது. திறக்கப் பிடிக்கவில்லை.

முடிச்சூர் ரோட்டில் வண்டியை உருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் விதவிதமாக யோசித்தேன். நடுவில் தானாக அணைந்துபோகும்படி செய்துவிடலாம். சத்தம் மட்டும் வந்து படம் வராதபடி செய்யலாம். ஆனால் எதைச் செய்தாலும், கேசவன் மாட்டினான், கெட்டுப்போனது என்றுதான் பேசுவார்கள். தேவியையும் குத்திக்காட்டுவார்கள். கெடுவது அவர்கள் கையாலேயே கெட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதனால் வேலையை ஒழுங்காகவே செய்தேன். அந்த ஒழுங்கின்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஜீவானந்தம் வாங்கியிருந்தது கூரையில் தொங்கவிடுகிற வகை அல்ல. சுவரை ஒட்டி மேஜைமேல் உட்காரும்; அதன் மேல்பக்கம் ஒரு கண்ணாடி இருக்கும்; வெளிச்சம் அதன் வழியாக மேலே கிளம்பிச் சுவர் முழுக்க விரியும். விரல் அகலம் நகர்த்தினால் படத்தின் மூலை ஓடிப்போகும். கண்ணாடியில் சின்ன அழுக்குப் பட்டாலும் சுவரில் பெரிதாகத் தெரியும். குனிந்து குனிந்து நான்கு மூலைகளையும் சேர்த்தேன். தேவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் என் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள் அவள். இந்தச் சாமான்களெல்லாம் அவளுக்குப் பழக்கம்.

"அண்ணா, மொதல்ல வேற எதாவது போடலாம்னு அவருகிட்ட சொல்லேன். சாமி படம் எதாவது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

என் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பாவம், புகுந்த வீட்டுக்கும் அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று இரக்கமாகக்கூட இருந்தது. "வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் சனம் மாடிக்கு ஏறிவிட்டது. முன்வரிசை சோபாவில் மோகன்ராஜ், பக்கத்தில் ஜீவானந்தம். எனக்கு, பின்னால் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மெஷின் பக்கத்திலேயே நிற்கவேண்டியிருக்கிறது என்று சொல்லி நான் அதில் உட்காரவில்லை. கங்கம்மா தட்டில் கரைத்த சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்பீக்கருக்கு ஒன்றாகப் பொட்டு வைத்தாள். சோபாவின் கைப்பிடிகளுக்கு வைத்தாள். ரிமோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு ப்ரொஜெக்டர் முன்னால் வந்து நின்றாள்.

இந்தப் பக்கத்து வீடுகளில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் சுவிட்ச் போடமாட்டார்கள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்ததுமே கண்ணாடியின்மேல் என் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொள்வேன். "இங்க வேணாம்மா, முன்னாடி வைங்க" என்பேன். எந்த வீட்டிலும் இதை நான் தவறவிட்டதில்லை. அன்றும் கை தானாக எழுந்தது. அதைக் கீழே இறக்கிப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

கங்கம்மா மெஷினை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "இதுக்கு நெத்தி எங்க கீதுன்னே தெரியலியே. இந்தக் கண்ணாடிதான் நெத்தி மாதிரி கீது. இங்க வெக்கலாமா தம்பி?"

"உங்க இஷ்டம் அத்த" என்றேன்.

கெட்டியாக, கட்டைவிரலால் அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம். கற்பூரத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவி என்னைப் பார்த்தாள். நான் பிளக் பாயிண்டைப் பார்த்தேன். அவளும் தடுக்காமல் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

படம் ஓடத் தொடங்கியது. ட்ரோனில் எடுத்த மண்டபம், வாழைமரம், பந்தி. சுவரின் வலதுபக்கம், கொஞ்சம் கீழே, திட்டுத்திட்டாக ஒரு சிவப்பு. முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. பந்தலின் அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். கேமரா மணைக்கு வந்து நின்றது. மோகன்ராஜ் மணையில் உட்கார்ந்தார். சிவப்பு சரியாக அவர் முகத்தில் போய் உட்கார்ந்தது. பட்டு வேட்டி தெரிகிறது, மோதிரம் போட்ட கை தெரிகிறது, கழுத்துக்கு மேலே வெறும் ரத்தக்களறி. பின்னால் யாரோ கெக்கென்று சிரித்தார்கள். "இன்னாடா இது, மண்டை ஒடஞ்ச மாதிரி கீது" என்று ஒரு கிழவர் உரக்கச் சொன்னார். மோகன்ராஜ் திரும்பி அவரைப் பார்த்தார். கங்கம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இது இன்னா கெட்ட சகுனம்" என்று முனகினாள்.

இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கிய மாதிரி இருந்தது. நான் அதைச் செய்யவில்லை, அவளே செய்தாள், அதுவும் என்னிடம் கேட்டுவிட்டே செய்தாள். இதைவிட நன்றாக யாராலும் திட்டம் போட்டிருக்க முடியாது. ஜீவானந்தம் ரிமோட்டைத் தேடினான். பொட்டு வைத்த ரிமோட் சோபா இடுக்கில் எங்கோ விழுந்திருந்தது. அவன் தேடட்டும் என்று நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கேமரா இடப்பக்கம் லேசாகத் திரும்பியது. சிவப்பு படாத பக்கம் அது, பளிச்சென்று இருந்தது. சினேகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவி நின்றாள், சுவரின் பாதி உயரத்துக்கு. அவள் பக்கத்தில் கங்கம்மா. கங்கம்மா கையில் ஆரத்தித் தட்டு இருந்தது, திரி எரிந்துகொண்டிருந்தது. அவள் வாசல் பக்கம் கையைக் காட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். மேலே பாட்டுச் சேர்த்திருந்ததால் பேச்சுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தேவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கங்கம்மா தட்டோடு வாசலை நோக்கி இரண்டடி வைத்தாள். தேவி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் சிரித்துக்கொண்டே நடந்துபோய், குழந்தையைச் சிவப்புக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

திரும்பி வந்து அவள் பழைய இடத்தில் நின்றபோது ஜீவானந்தத்துக்கு ரிமோட் கிடைத்தது. படம் நின்றது. சுவரில் தேவியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"யாரும்மா உன்ன கண்ணாடில வெக்கச் சொன்னது? எத்தன பேரு பாக்கறாங்க. அறிவு வேணாம்?" ஜீவானந்தம் அத்தனை பேருக்கு முன்னாலும் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"தம்பிய கேட்டுத்தாம்ப்பா வெச்சேன்" என்றாள் கங்கம்மா. அவள் குரல் கம்மிப்போயிருந்தது. தலை குனிந்திருந்தது. நான் ஆசைப்பட்டது இதுதான், அப்படியே கிடைத்துவிட்டது. மண்டப வாசலில் மருமகளுக்காகப் பொய் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள், இப்போது என்னால் மகனிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

தேவி என் பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காமல் பேசினாள். "இந்த வூட்ல என்ன ஒரு ஆளா மதிக்கணும்ல அண்ணா. மோகன் அண்ணன் மாமனா உக்காந்தா நாளைக்கு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"நானு?"

"நீ எங்கண்ணா போயிடப் போற" என்றாள்.

அவள் அதைப் பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. வாசலில் வெயிலில் நின்ற நேரம் முழுக்க, உள்ளே என் தங்கை எனக்காகத் துடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். தீர்ந்தது என்று நினைத்த எரிச்சல் மறுபடி பற்றிக்கொண்டது. இந்தத் தடவை ஆள் மட்டும் மாறிவிட்டது.

"மச்சான், எதாவது பண்ணுங்க" என்றான் ஜீவானந்தம். "உன்ன வுட்டா யாரு கீறா தம்பி" என்றாள் கங்கம்மா. மோகன்ராஜ்கூட என்னைத்தான் பார்த்தார். படத்தை அணைக்கலாமா என்று ஜீவானந்தம் கேட்டான். வேண்டாம், இப்படியே நிற்கட்டும், அப்போதுதான் போய்விட்டதா என்று தெரியும் என்றேன்.

பையிலிருந்து துணியையும் மருந்துப் பாட்டிலையும் எடுத்தேன். கண்ணாடி சூடாக இருந்தது. சந்தனம் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. மருந்தை அடித்ததும் இளகியது. நேராக மேலே ஒற்றி எடுத்தால் ஒரே தடவையில் வந்துவிடும். இழுத்தால் இழுத்த பக்கமெல்லாம் பூசிக்கொண்டு போகும். எந்தப் பக்கம் இழுத்தால் சுவரில் எந்தப் பக்கம் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

குனிந்தேன். என் கையின் நிழல் சுவரில் கூரைவரைக்கும் எழுந்தது. துணியை அழுத்திப் பிடித்து, அவசரமில்லாமல் இழுத்தேன். ஐந்து விரல்களின் நிழலுக்குக் கீழே சிவப்பு மோகன்ராஜின் முகத்தை விட்டுக் கிளம்பியது. மணையைத் தாண்டி, எரிகிற திரியைத் தாண்டி, தேவியின் தோளில் ஏறி, கழுத்தில் ஏறி, அந்தச் சிரிப்பின் ஓரத்தைத் தொட்டது. என் பக்கத்தில் நின்ற தேவி, சுவரைப் பார்த்தபடியே, தன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.