சைக்கிள் நிறுத்தம்

1983 ஜூன் 6, திங்கட்கிழமை, சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி விற்பனைச் சங்கத்தின் சைக்கிள் கொட்டகையில் நிர்வாகிகளின் கார்கள் நிறுத்தப்பட்டன. ஊழியர்களின் இருபத்தாறு சைக்கிள்களும் இனி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

"காருக்கு வெயில் ஆகாதாம். வேர்க்கும்லா?" என்றான் வாட்ச்மேன் உச்சிமாகாளி.

தற்காலிக எழுத்தர் அய்யாத்துரை சிரிக்கவில்லை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவருடைய இடது கால் சூம்பிப்போயிருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பத்து கிலோமீட்டரும் வலது காலால் மிதித்து வருவார். இடது பாதத்தைப் பழைய ட்யூப் வாரால் பெடலோடு கட்டியிருப்பார். அலுவலகப் படிக்கட்டை ஒட்டி நிறுத்தி, படியில் காலூன்றி இறங்குவார். அங்கிருந்து மேஜைக்குப் பன்னிரண்டு எட்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடப்பதென்றால் அரை மைல்.

அன்று மதியம் தலைமை எழுத்தர் தில்லைநாயகத்திடம் போனார்.

"அண்ணாச்சி, ஒரு சைக்கிள் சுவரோரமா நின்னா யாருக்கு என்ன?"

"உமக்கு விட்டா மத்த இருவத்தஞ்சு பேரும் வருவான்வே. காலைச் சொல்லி எழுதிக் குடும். செயலாளர் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"காலைச் சொன்னா பைலை எடுப்பாவளே."

தில்லைநாயகம் பேனாவை மூடினார். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மருத்துவச் சான்றிதழ் அந்த பைலில் இருந்தது. அய்யாத்துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதியது: உடற்குறை ஏதுமில்லை.

"ஜனவரியில நிரந்தரம் ஆயிரும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடவும்" என்றார் தில்லைநாயகம்.

அந்த ஜனவரியை நம்பித்தான் வள்ளித்தாயை அய்யாத்துரைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தினமும் விடிந்ததும் கிளம்பினார். ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டு, இடது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு, கடைக்குக் கடை நின்று நடந்தார். ஒன்றரை மாதம் ஒரு நாளும் பிந்தவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் யாரோ இடித்துவிட, ரோட்டில் விழுந்தார். வலது முட்டி வீங்கியது. அதற்குப் பிறகு அவரால் மிதிக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தார். வருகைப் பதிவேடு காலை பத்து பத்துக்குச் செயலாளர் அறைக்குப் போய்விடும். ஒன்பது நாள் அவர் அதைப் பிடிக்கவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"காய்ச்சல்னு எழுதும்வே" என்றார் தில்லைநாயகம்.

"ஒம்பது நாளும் வேலைக்கு வந்துட்டு, காய்ச்சல்னு எப்படி எழுத?"

"அப்பம் பஸ் லேட்டுன்னு எழுதும்."

"நாளைக்கும் நான் இப்பிடித்தானே வருவேன், அண்ணாச்சி? எத்தனை பஸ்ஸை லேட்டாக்க?"

இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். இடது கால் சிறுவயது முதல் ஊனம். வலது முட்டி ஆறியதும் சைக்கிளை அலுவலகச் சுவரோரம் நிறுத்த அனுமதி வேண்டும்.

செயலாளர் பைலை வரவழைத்தார்.

செப்டம்பர் 12 அன்று அய்யாத்துரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். உடற்தகுதி பற்றித் தவறான சான்று அளித்தது காரணம் என்று உத்தரவில் இருந்தது. தற்காலிக ஊழியர் என்பதால் விசாரணை நடக்கவில்லை.