சாட்சி இரண்டு

நாயாற்றுக் கரையில் றெஜினோல்ட்டின் படகுக்குள் கிடந்தது தன் காணாமற்போன வலைதான் என்று எமிலியானுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிழிசலைப் பச்சை நூலால் பொத்தியது அவனுடைய சொந்தக் கை.

மீனவர் சங்கத்துக்குப் போய் முறையிடக் கால் துடித்தது. ஆனால், சகோதரன் பிழைவிட்டால் முதலில் தனியே போய்ச் சொல், கேளாவிட்டால் இரண்டு சாட்சிகளோடு போ என்கிறது வேதம். இருவரும் சிறுவயதில் ஒரே நாளில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை எடுத்தவர்கள். மனைவியிடமும் மூச்சுவிடாமல் றெஜினோல்ட்டிடம் தனியே போனான்.

"மச்சான், என்ர வலையைத் தந்திடு. ஆருக்கும் சொல்லமாட்டன்."

"இன்னும் ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

றெஜினோல்ட் கண்ணைத் துடைத்தான். "நாளைக்கு உன்ர வீட்டை வாறன்."

விடிந்ததும் வந்தான். கையில் வலை இல்லை. பின்னால் சங்கத் தலைவரும் கோயில் மூப்பரும் நின்றார்கள்.

"இவன்தான், என்ர வலையைத் தன்ர எண்டு வெருட்டினவன்," என்றான்.

வேதத்தின் மிச்ச வரியை றெஜினோல்ட்தான் கடைப்பிடித்திருந்தான்.