சீல் இல்லாத போன்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. அது குணமா தொழிலா என்று கேட்டால் தொழில் என்றுதான் சொல்வேன். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில், இருபத்தாறு வருடமாகத் தரம் பிரிக்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பீங்கானையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, சின்ன மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டுவேன். கணீரென்றால் கம்பெனி சீல் விழும். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு சீல் கிடையாது, செகண்ட்ஸ் குவியலுக்குப் போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ‘சந்தேகம் ராஜாங்கம்’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் மகள் மோகனப்பிரியாவுக்கு, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். பிரபாகரன் என்று பெயர். ஊர் ஸ்ரீமுஷ்ணம், சென்னையில் போனுக்கு ஆப் எழுதுகிற வேலை. அந்தக் கம்பெனி போட்டிருக்கிற போன்களிலேயே உசத்தியானது அது. என் மனைவி கமலம் பெட்டியைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்தாள். நான் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் அக்கா மகன் நிலவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவனிடமும் அதே மாடல் இருக்கிறது. அவன் போனைத் திறந்தால் கம்பெனி பெயர் மின்னிக்கொண்டு வரும். கம்பெனியின் கடை, கம்பெனியின் பாட்டு, கம்பெனியின் சீட்டாட்டம் என்று திரை நிறைய அடைந்து கிடக்கும். மகள் போனில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. வெள்ளையடித்து ஆணி அடிக்காத சுவர் மாதிரி வெறிச்சென்று இருந்தது. முதுகில் கம்பெனி பெயர் இருக்கிறது, உள்ளே அதன் அடையாளமே கிடையாது.

சீல் போடாமல் ஒரு கம்பெனி எதை வெளியே அனுப்பும்? எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றைத்தான்.

அன்று சாயங்காலமே பிரபாகரனுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை, நேராகக் கேட்டேன்.

“அதே போனுதான் மாமா” என்றான். “போன் செய்யற கம்பெனி வேற, அடிப்படை சாஃப்ட்வேர் தர்ற கம்பெனி வேற. போன் கம்பெனிக்காரன் அது மேல தன்னோட சாமானயெல்லாம் ஏத்திதான் விப்பான். எதுவும் ஏத்தாம சுத்தமா குடுன்னு சில பேரு கேப்பாங்க. எங்கள மாதிரி ஆப் எழுதறவங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் போன மட்டும் அப்படியே விடுவாங்க.”

“ஏத்தினா என்னா கெடுதி?”

“எடத்த அடைக்கும், மத்த ஆப்போட வேலையில தலையிடும். புது அப்டேட்டும் லேட்டாதான் வரும்.”

“அப்ப தான் போடறது குப்பைன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியுமா?”

சிரித்தான். “நல்லாத் தெரியும் மாமா. அந்தக் குப்பையிலதான் விளம்பரம் வருது, வருமானம் வருது.”

“வருமானத்த வுட்டுட்டு அதே விலைக்கு விக்க அவனுக்கென்ன தலையெழுத்து?”

“பேருக்குத்தான் மாமா. வெவரம் தெரிஞ்ச நாலு பேரு ‘போனுன்னா இதான்’னு எழுதிட்டா, அதப் பாத்து நாப்பதாயிரம் பேரு அவனோட மத்த போன வாங்குவாங்க.”

நல்ல பதில்தான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் தயாராக வந்து விழுந்தது. செகண்ட்ஸைத் தள்ளிவிடப் பார்க்கிற வியாபாரி யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் மளமளவென்று காரணம் சொல்வான். போனை வைத்த பிறகு எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது.

என்னை வெறும் சந்தேகப் பிராணி என்று நினைத்துவிட வேண்டாம். நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மோகனப்பிரியாவுக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. முழுக்க இல்லை. எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிஷின் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் காது என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்குக் கோபம் வரும், அதனால் யாரும் எடுப்பதில்லை. இரண்டு வரன்கள் விஷயம் தெரிந்ததும் அப்படியே நின்றுபோயின. மூன்றாவதாக வந்தவர்கள்தான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள். இவர்களிடம், “சளி புடிச்சா பொண்ணுக்குக் காது கொஞ்சம் அடைக்கும்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சளி பிடித்தால் யாருக்குத்தான் அடைக்காது?

ஆகவே என் கேள்வி இதுதான். சென்னையில் கை நிறையச் சம்பாதிக்கிற பையன், பார்க்க லட்சணமானவன், வரதட்சணை என்று வாயே திறக்கவில்லை, இந்த வீட்டுக்கு ஏன் வந்தான்? எங்கோ ஒரு விரிசல் இருக்க வேண்டும். குடியா, ஏற்கெனவே ஒரு கல்யாணமா, கடனா என்று விசாரிக்காத ஆளில்லை. எல்லோரும் நல்ல பையன் என்றார்கள். அதுவே எனக்கு உறுத்தியது. கடைசியில் கையில் சிக்கியது இந்தப் போன்தான்.

ஒன்று மட்டும் நல்லது நடந்திருந்தது. ஒரு மாதமாக மகள் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் போய்க் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்ததன் பலன் என்று கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் உள்ளூர அப்படி ஓர் ஆசை இருந்தது. இந்தப் பெண் இருபத்து நாலு மணி நேரமும் அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபடியே இருக்கிறாளே என்றுதான் எரிச்சலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூ வைக்க வருவதாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பூ வைத்துவிட்டால் பிறகு பின்வாங்குவது கஷ்டம். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். அன்று காலையில், “திரைக்குக் கிளாஸ் ஒட்டிட்டு வரேன்” என்று மகளிடம் போனை வாங்கிக்கொண்டு நிலவன் கடைக்குப் போனேன்.

அவன் நம்பரையெல்லாம் ஒத்துப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் பீஸுதான் மாமா” என்றான்.

“அப்ப கம்பெனி சாஃப்ட்வேர் இதுல ஏறுமா?”

“ஒரே மாடலா இருந்தா ஏறும். வேற ஏதாவது கோல்மால்னா ஏறாது.”

“ஏத்து” என்றேன்.

“இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும் மாமா.”

“எடுத்து வச்சிக்கிட்டு ஏத்து. ஏறுதா பாக்கணும்.”

இதுவும் ஒரு தட்டுதானே. ஏறினால் நல்ல சரக்கு, ஏறாவிட்டால் பையனின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். ஏறிவிட்டது. கம்பெனி பெயர் பளபளவென்று வந்து நின்றது. எடுத்து வைத்த படங்களையும் ஆப்களையும் நிலவன் திரும்பப் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். மகள் கையில் கொடுத்தபோது, “என்னாப்பா, வேற மாதிரி இருக்குது?” என்றாள். அப்டேட் என்று சொல்லிவிட்டுப் பாய் விரிக்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். பிரபாகரன், அவன் அம்மா வளர்மதி, உறவுக்காரர்கள் பத்துப் பேர். வளர்மதி என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையில் பூவைச் சூட்டினாள்.

“பொடவ எந்தக் கலருல எடுக்கலாம் கண்ணு?”

மகள் மடியில் இருந்த போனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மாம்பழ மஞ்ச அத்தை” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கமலத்தின் முகம் மலர்ந்தது. கேசரி வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள், ஊர்ப் பேச்சு ஓடியது. பிறகு தட்டிலிருந்து வளையலை எடுப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பிய வளர்மதி, திரும்பியபடியே கேட்டாள்.

“கல்யாணத்துக்கப்பறம் வேலைக்குப் போறதா இருக்கறியாம்மா?”

மகள் போனைப் பார்த்தாள். விரலால் இரண்டு தரம் தட்டினாள். முகம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆமாங்க அத்தை, கேசரி அம்மாதான் கிண்டினாங்க.”

ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்து அடி வாங்கினாள். மூன்றாவது வரனும் போயிற்று என்றே நினைத்தேன்.

“சளிங்க” என்றேன் அவசரமாக. “ரெண்டு நாளா ஜலதோஷம். அதான் காது அடைச்சிருக்குது.”

வளர்மதி என்னை விநோதமாகப் பார்த்தாள். “எதுக்குண்ணே சளியச் சொல்றீங்க? பாப்பாவுக்குக் காது சரியா கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியுமே. பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கே பாப்பா தம்பிகிட்ட சொல்லிடுச்சு. தம்பி வூட்டுக்கு வந்து எங்க எல்லாருக்கும் சொல்லிட்டான். இத்தன நாளா போனப் பாத்து நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்துச்சு? இப்ப என்னா ஆச்சு?”

பிரபாகரன் எழுந்து வந்து மகளுக்கு எதிரில் குந்தி, போனை வாங்கிப் பார்த்தான். “இத யாரு மாத்தினது?” என்றான். பிறகு பொதுவாக எல்லோருக்கும் சொன்னான். “சுத்தி இருக்கறவங்க பேசறத எழுத்தாக் காட்டற ஆப்பு இது. பிரியாவுக்காக நான் எழுதினது. கம்பெனி சாஃப்ட்வேரு பேட்டரிய மிச்சம் புடிக்கறேன்னு கொஞ்ச நேரத்துல அத நிறுத்திப்புடும். அதுக்காகத்தான் தேடிப் புடிச்சு அந்தச் சுத்தமான வெர்ஷன வாங்கினேன்.”

மகள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“கிளாஸு ஒட்டறேன்னுதான வாங்கிட்டுப் போனீங்க?”

நான் பாயின் ஓரத்தை நீவி விட்டேன்.

“இவங்க எல்லாம் தெரிஞ்சுதாம்ப்பா என்னைக் கேட்டு வந்தாங்க. நீங்கதான் மறைச்சுக் குடுக்கப் பாத்தீங்க.”

இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை. கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. பாயைப் பார்த்தபடி, “நான்தாம்மா மாத்தினேன். தப்பு என்மேலதான்” என்றேன்.

எல்லோருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

“என்னாப்பா?” என்றாள்.

எழுந்து போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.