சாக்ஸ் மாட்டிய மைக்

மனித இனம் பேசக் கற்றுக்கொண்டதே, பின்னாளில் தான் வந்து பாடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான். இதில் ஹலோவுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. யாரும் அவனிடம் இதை மறுத்துப் பேசியதும் இல்லை. அவன் வாயை மூடினால்தானே மறுப்பதற்கு.

கல்லூரியில் எந்த மேடையில் மைக்கைக் கண்டாலும் இரண்டு தடவை "ஹலோ, ஹலோ" சொல்லிவிட்டுத்தான் நகர்வான் என்பதால் அந்தப் பெயர். பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தபோதும் முந்திக்கொண்டு போய்ச் சொன்னான். அன்றோடு பெயர் நிரந்தரமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹலோவின் வாழ்க்கை திரும்ப வேண்டிய நாள். இரண்டு வருடமாக வாசலில் நின்று கேட்டும் உள்ளே விடாத மெல்லிசைக் குழு ஒன்றில் பாடகர் இடம் காலியாகியிருந்தது. குழுவின் தலைவர் ஒரு பாட்டின் பின்னணி இசையை மட்டும் போனில் அனுப்பி, "இதுமேல பாடி, பதிவு பண்ணி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. கேட்டுட்டு ஒருத்தரை எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். இடம் தனக்குத்தான் என்று வகுப்பு முழுக்க ஹலோ ஏற்கெனவே அறிவித்துவிட்டான். இனி கிடைக்க வேண்டியது மட்டுமே பாக்கி.

வீட்டில் பாடுகிறவர் இன்னொருவரும் இருந்தார், அவனுடைய அக்கா. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை. விடுமுறை கிடைத்தால் சுவரோடு கட்டிய துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். உடைந்த மேசை விளக்கின் கழுத்தில் ஒரு சின்ன மைக்கைக் கட்டி, அதற்கு ஒரு சாக்ஸையும் மாட்டியிருந்தாள், மூச்சுக்காற்று நேராகப் போய் மோதாமலிருக்க.

"என்னக்கா, கச்சேரி எப்படிப் போச்சு? அந்துருண்டையெல்லாம் எழுந்து நின்னு கை தட்டுச்சா?" என்று ஹலோ வாரம் தவறாமல் விசாரிப்பான்.

"உன்னை மாதிரி குறுக்கப் பேசல. அது போதும்."

"குரல் வளர்றதே குளியலறையிலதான்கா. அங்க நின்னு பாடினா எனக்கே புல்லரிக்குது."

"ஈரத்துல நின்னா யாருக்கும் புல்லரிக்கும்டா."

கலைஞர்கள் ஈரத்துக்கு அஞ்சுவதில்லை. ஹலோ குளியலறைக்குள் போய், வாளியைக் கவிழ்த்துப் போனை அதன்மேல் வைத்தான். புத்தம்புதிய வயரில்லாத இயர்போனைக் காதில் செருகினான். பாடினான். திரும்பக் கேட்டபோது தன் குரல் மலையிலிருந்து இறங்கி வருவதுபோல் இருந்தது. மதியம் ஒரு மணிக்கே அனுப்பிவிட்டான். மற்றவர்கள் வீணாகச் சிரமப்பட வேண்டாமே.

பத்து நிமிடத்தில் தலைவரின் குரல் வந்தது. "தம்பி, தொண்டை இருக்கு. ஆனா கிணத்துல விழுந்துட்டு ஆள் கூப்பிடற மாதிரி இருக்கு. எதிரொலி குரலோட ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் பிரிக்கவே முடியாது. அது போகட்டும், ஏன் தாளத்துக்குப் பின்னாடியே மூச்சிரைக்க ஓடி வர்றீங்க? அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"இவருக்கு நல்ல குரல் கேட்டுப் பழக்கமில்ல போல" என்றான் ஹலோ, கூடத்தைப் பார்த்து.

அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "காதுல மாட்டியிருக்கியே, அந்த வயரில்லாத சமாச்சாரம், அதுல இசை உன் காதுக்கு வந்து சேரவே கொஞ்சம் தாமதமாகும். லேட்டா கேட்டு லேட்டா பாடற. வயர் இருக்கறதை மாட்டு."

"வயரா? எந்தக் காலத்து ஆளு நீ?"

"தாளத்தோட பாடற காலத்து ஆளு." தன் பழைய வயர் இயர்போனை அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். "நான் வர ஆறாகும். அலமாரி பூட்டல. சொல்லணும்னு தோணுச்சு."

"அதுக்குள்ள உக்கார நான் என்ன போர்வையா?"

"போர்வைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்குமே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கூடத்தில் ஒருமுறை பாடிப் பார்த்தான். வெற்றுச் சுவர்கள் அவன் பாடியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தன. படுக்கையறையில் பாடினான். குரல் பின்னால் ஓடிவருவது இப்போது அவன் காதுக்கே தெரிந்தது. பின்னணி இசைதான் முன்னால் ஓடுகிறது என்று ஐந்து நிமிடம் நம்பிப் பார்த்தான். மணி நான்கு.

ஒரு துண்டு எடுக்கலாமே என்றுதான் அலமாரியைத் திறந்தான். அம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தது தற்செயல்.

மைக்கின் வயர் கதவிடுக்கு வழியே வெளியே வந்து, முக்காலிமேல் இருந்த அக்காவின் பழைய மடிக்கணினியில் முடிந்தது. போனிலிருந்த பின்னணி இசையை அதில் ஏற்றி, வயர் இயர்போனையும் அதில் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு, முன்னிசை முடிவதற்குள் உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினான். வழக்கம்போல் "ஹலோ" என்றான்.

அந்தச் சொல் மூக்குக்கு முன்னாலேயே விழுந்து அடங்கியது. மூன்று பக்கமும் தொங்கிய துணிகள் எதையும் திருப்பித் தரவில்லை. பாடிவிட்டு வெளியே வந்து கேட்டபோது, இத்தனை வருடத்தில் முதன்முறையாகத் தன் குரலை மட்டும் கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு இழுப்பு. குளியலறை இதுவரை அதை மூடிக் காப்பாற்றியிருக்கிறது. இழுப்பை வெட்டிவிட்டு மறுபடி பாடினான். மறுபடியும்.

நான்காவது தடவை, முன்னிசையிலேயே கதவு திறந்தது. அம்மா.

"நகரு, அந்தப் போர்வையை எடுக்கணும்."

"ஏன்டா இங்க உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டியாம்மா?"

"உங்கக்கா ரெண்டு வருஷமா உக்கார்றா. புதுசா என்னத்தைக் கேக்கறது? காலை மடக்கு, கதவு சாத்த மாட்டேங்குது."

ஐந்தாவதை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினான். ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது. "இதான் குரல். சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்துடுங்க. இன்னொரு பாட்டு அனுப்பியிருக்கேன், அதையும் இதே ஸ்டுடியோல இன்னைக்கே பாடி அனுப்பிடுங்க. எந்த ஸ்டுடியோ இது?"

"குடும்ப ஸ்டுடியோங்க. கொஞ்சம் சின்ன இடம்" என்று எழுதி அனுப்பினான் ஹலோ. ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆறு மணிக்கு வாசல் கதவு திறக்கும் சத்தம் அலமாரிக்குள் கேட்டது. காலடிச் சத்தம் முக்காலிக்கு அருகில் வந்து நின்றது.

"அந்துருண்டை கை தட்டுச்சா?"

உள்ளே ஒரு முழங்கால் கதவில் இடித்தது.

"அக்கா," என்றது அலமாரி, "கொஞ்சம் அந்த ஃபேனை நிறுத்தேன், மைக்ல கேக்குது."

மின்விசிறி நின்றது. அக்காவே பொத்தானை அழுத்தினாள். முன்னிசை காதில் ஓடத் தொடங்கியது. அவன் சாக்ஸை நேராக இழுத்துவிட்டு, ஹலோ சொல்லாமலேயே பாடத் தொடங்கினான்.